பசி யார் செயல்?

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று இவ்வாசகசாலையின் ஆண்டு விழாவில் நாம் எதைப்பற்றிப் பேசவேண்டுமென்று நிர்வாகிகளைக் கேட்டபோது, உலகத்தில் பசி ஒழிய ஊர்தோறும் உள்ள சாமானிய மக்கள் என்ன செய்யக்கூடும் என்பதைப்பற்றிப் பேசும்படி சொன்னார்கள். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், "இதென்ன! நம் ஊர்ச் சங்கதி ஆயிரம் கிடக்கும்போது உலகப் பசியை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும்? நம் தெருவிலேயே கஞ்சிக்கில்லாதவர்கள் இருக்க, கண் காணாத தேசத்தானுக்காக நாம் எதற்குக் கவலைப்படவேண்டும்?" என்று நினைக்கக்கூடும். அது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் நாம் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. ஆனால் நாம் சொல்லுவதையெல்லாம் அப்படியே நம்பிவிடவேண்டும் என்று யாரும் கருதவேண்டியதில்லை. உங்கள் சொந்த அறிவைக்கொண்டு ஆலோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதைக் கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

கணக்கு என்ன சொல்லுகிறது?

தோழர்களே! முதலாவதாக, உலகத்தில் உணவு போதாமல்தான் ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்களா என்பதைக் கவனிப்போம். ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த ஸ்தாபனங்கள் எடுத்த கணக்கின்படி, 2024-ஆம் ஆண்டில் உலகத்தில் பசியால் வாடினவர்கள் சுமார் 67 கோடிப் பேர். அதாவது பன்னிரண்டு பேருக்கு ஒருவர். சத்துள்ள உணவை விலை கொடுத்து வாங்கச் சக்தியற்றவர்களோ சுமார் 260 கோடிப் பேர்.

சரி, விளைச்சல் எவ்வளவு? நெல், கோதுமை, சோளம் முதலிய தானியங்கள் மாத்திரம் உலகத்தில் வருஷமொன்றுக்கு ஏறக்குறைய 280 கோடி டன் விளைகின்றன. ஜனத்தொகையோ சுமார் 820 கோடி. இதைப் பங்கு போட்டுப் பாருங்கள். பிறந்த குழந்தை முதல் பல் போன கிழவர் வரையில் எல்லோருக்கும் சேர்த்துத் தலைக்கு நாளொன்றுக்கு 900 கிராமுக்குக் குறையாமல் வருகிறது. இதில் காய்கறி, கிழங்கு, பருப்பு, பால், மீன், இறைச்சி ஒன்றையும் நாம் சேர்க்கவில்லை. ஒரு கூலிக்காரக் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தானியம் அளந்து போட்டால் அந்த வீட்டில் யாராவது பட்டினி கிடப்பார்களா என்று கேட்கின்றோம்.

அப்படியானால் அந்தத் தானியம் எங்கே போகிறது? மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஆடு மாடு, பன்றி, கோழிகளுக்குத் தீனியாகப் போகிறது. ஒரு பகுதி மோட்டார் வண்டி ஓட்டுவதற்கு எரிபொருளாகக் காய்ச்சப்படுகிறது. இவையன்றி, கடைகளிலும் ஓட்டல்களிலும் வீடுகளிலுமாக 2022-ஆம் ஆண்டில் வீணாக்கப்பட்ட உணவு மாத்திரம் சுமார் 105 கோடி டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வாங்கித் தின்பவர்களுக்காக வந்த உணவில் இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகும். ஆகவே இந்தப் பசி பண்டமில்லாத பசியல்ல. வாங்கப் பணமில்லாத பசி. கேட்க நாதியில்லாத பசி. பண்டமில்லை என்றால் பூமியைக் குறை சொல்லலாம். பண்டம் இருந்தும் வாய்க்குப் போய்ச் சேரவில்லை என்றால் மனிதனைத்தானே கேட்கவேண்டும்?

தாது வருஷமும் தலைவிதியும்

ஆனால் நம் நாட்டில் மனிதனைக் கேட்கும் வழக்கம் ஏற்படவில்லை. கேட்கவொட்டாமல் தடுப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருந்து வந்திருக்கின்றது. மழை பெய்யாவிட்டால் வருண ஜெபம். பயிர் கருகினால் கொடும்பாவி கட்டி இழுப்பது. ஜனங்கள் செத்தால் "அவரவர் பூர்வஜென்ம வினை" என்று ஒரு வேதாந்தம். தாது வருஷப் பஞ்சத்தைப்பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரையில் நடந்த அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தென்னாட்டினர். அந்த வருஷங்களில் இந்நாட்டிலிருந்து கோதுமை கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. நிவாரண வேலைக்குப் போன ஆளுக்குச் சர்க்கார் வைத்த கூலி நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும். அது உயிர் தரிக்கப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரியான கார்னிஷ் என்பவரே சண்டை போட்டார்.

நாம் கேட்கின்றோம்: ஒரே மாகாணத்தில் லட்சக்கணக்கான பேர் முற்பிறப்பில் ஒரே மாதிரியான பாவத்தைச் செய்துவிட்டு, ஒரே வருஷத்தில் அதன் பலனை அனுபவிப்பதற்காகப் பேசி வைத்துக்கொண்டு பிறந்தார்களா? அதிலும் பண்ணையாளும் கூலிக்காரனும் நெசவாளியும் மாத்திரம் பாவம் செய்தவர்களா? மடாதிபதியும், லேவாதேவிக்காரனும், தானியத்தைப் பூட்டி வைத்து விலையேற்றினவனும் பாவமே அறியாத உத்தமர்களா? இதைத் தன் அறிவைக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்த எவனும் மறுபடியும் தலைவிதி என்ற வார்த்தையை வாயில் எடுப்பானா?

இங்கே, முதலில் சொன்ன கேள்விக்குப் பதிலையும் சொல்லிவிடுகின்றோம். 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் கூடி, பிரிட்டனிலுள்ள நகரங்களுக்கு நம் ஜனங்களின் நிலைமையைத் தெரிவித்து உதவி கேட்டார்கள். இப்படிப் பகிரங்கமாகக் கேட்டது வைஸ்ராய் லிட்டனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் செய்தி போய்விட்டது. நம் ஊர் எங்கே இருக்கிறது என்றுகூட அறியாத ஆயிரக்கணக்கான பேர் காசு அனுப்பி, அது லட்சக்கணக்கான பவுனாகச் சேர்ந்தது. அன்றைக்கு அவர்களுக்கு நாம்தான் "கண் காணாத தேசத்தான்." "நமக்கென்ன?" என்று அவர்கள் இருந்திருந்தால், அந்தக் கஞ்சித் தொட்டிகளில் உயிர் பிழைத்த நம் பாட்டன்மாரில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நமக்கு ஒரு முறை வந்துவிட்டது. ஆகையால் தெரியாது என்று சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

வங்காளம்

அடுத்தபடியாக, 1943-ஆம் ஆண்டு வங்காளத்தில் நடந்த கொடுமையை எடுத்துக்கொள்ளுவோம். அதில் மாண்டவர்கள் 15 லட்சம் என்று சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷன் 1945-இல் சொல்லிற்று. பின்னால் ஆராய்ந்தவர்கள் 30 லட்சம் வரையில் சொல்லுகிறார்கள். அங்கே அரிசி அடியோடு இல்லாமற் போகவில்லை. அந்த வருஷத்து அரிசிக் கையிருப்பு பஞ்சமில்லாத 1941-ஆம் வருஷத்தைவிடக் குறைவானதல்ல என்று அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட புத்தகத்தில் கணக்கோடு எடுத்துக்காட்டினார். இவர் அந்தப் பஞ்சத்தை ஒன்பது வயதுச் சிறுவராயிருந்து கண்ணால் கண்டவர்.

பின் ஏன் செத்தார்கள்? யுத்தச் செலவினால் விலை ஏறிற்று. ஜப்பானியர் கைக்குப் போகக்கூடாது என்று கடற்கரைப் பகுதிகளிலிருந்து அரிசியையும் பல்லாயிரம் படகுகளையும் சர்க்கார் அப்புறப்படுத்திற்று. 1942 அக்டோபரில் புயல் வேறு அடித்தது. வியாபாரிகள் பதுக்கினார்கள். சுமார் 37 கிலோ கொண்ட ஒரு வங்காள மணங்கு அரிசி, கல்கத்தாவில் 1942 டிசம்பரில் 13, 14 ரூபாயாக இருந்தது. 1943 ஆகஸ்டில் 37 ரூபாயாயிற்று. பண்ணையாளின் கூலியோ அந்த அளவுக்கு ஏறவில்லை. படகை இழந்த செம்படவனுக்குக் கூலியே இல்லை. கல்கத்தாவில் சர்க்கார் ஆபீசிலும் பெரிய தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர்களுக்கு மலிவு விலையில் அரிசி கிடைத்தது. நெல் விளைவித்தவன் நடந்து வந்து அந்த நகரத்தின் தெருவிலே விழுந்து செத்தான். இதில் எந்தக் கடவுள் எந்த இடத்தில் குறுக்கிட்டார் என்று பக்தர்கள் காட்டட்டும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. இவ்வளவு பேர் செத்துக்கொண்டிருந்தபோதும் "பஞ்சம்" என்று அறிவிக்கச் சர்க்கார் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அறிவித்தால் பஞ்ச விதிகளின்படி சோறு போடவேண்டிய பொறுப்பு வந்துவிடும் அல்லவா? பத்திரிகைகளுக்கும் கட்டுப்பாடு இருந்தது. 1943 ஆகஸ்டு 22-ஆம் தேதியன்று கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை துணிந்து தெருவில் கிடந்தவர்களின் படங்களைப் போட்டது. அது வெள்ளைக்காரர் நடத்திய பத்திரிகை. ஆசிரியர் ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளைக்காரர். அதற்குப் பிறகே வெளி உலகம் விழித்துப் பார்த்தது. சித்தபிரசாத் என்ற ஓவியர் பஞ்சம் பீடித்த பகுதிகளில் நடந்து, கண்டதைக் கண்டபடி வரைந்து ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். சர்க்கார் அதன் பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. சோறு போடச் சக்தியில்லை என்று சொன்னவர்களுக்குப் படத்தைக் கொளுத்துவதற்கு மாத்திரம் சக்தி இருந்தது! ஏன்? பசியைவிடப் பசியைப்பற்றிய செய்திக்குத்தான் ஆளுகிறவன் பயப்படுகிறான்.

ஓர் ஊரில் கூடிய சிலர்

நிற்க, இதே சமயத்தில் இங்கிலாந்தில் ஓர் ஊரில் நடந்த காரியத்தைக் கவனியுங்கள். 1941-இல் கிரீஸ் தேசத்தை ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பிடித்துக்கொண்டு, இருந்த உணவை வாரிக்கொண்டார்கள். மற்றொரு பக்கம் பிரிட்டிஷ் கடற்படை, எதிரி கைவசமுள்ள நாட்டுக்கு எதுவும் போகக்கூடாதென்று கடலை அடைத்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட ஜனங்கள் ஏதென்ஸ் நகரத் தெருக்களில் அந்தக் குளிர்காலத்தில் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள்.

இதைக் கேட்டு, "எதிரி பிடித்த நாடானாலும் குழந்தைக்குச் சோறு போகட்டும்" என்று சொல்லப் பிரிட்டனில் பல ஊர்களில் சிறு சிறு குழுக்கள் ஏற்பட்டன. அவற்றுள் ஒன்று ஆக்ஸ்போர்டு என்ற ஊரில் 1942 அக்டோபர் 5-ஆம் தேதி கூடிற்று. கூடின இடம் ஒரு மாதாகோயிலைச் சேர்ந்த அறை. கூடினவர்களில் ஒருவர் அந்தக் கோயிலின் பாதிரியார் மில்ஃபோர்டு. மற்றொருவர் கில்பர்ட் மரே என்ற கிரேக்க மொழிப் பேராசிரியர். இவர் மதக் கொள்கைகளை ஒப்புக்கொள்ளாத பகுத்தறிவாளர். பாதிரியாரும் மத நம்பிக்கையற்றவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து செய்த காரியம் இது. பிள்ளை பசியாயிருக்கும்போது, அது யார் படைத்த பிள்ளை என்ற தர்க்கத்தைச் சோறு போட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். நம் இயக்கத் தோழர்கள் இதைக் கவனிக்கவேண்டும் என்று சொல்லுகின்றோம்.

அவர்கள் செய்ததென்ன? கூட்டம் போட்டார்கள், துண்டுப் பிரசுரம் வழங்கினார்கள், மந்திரிகளுக்கும் சட்டசபை மெம்பர்களுக்கும் எழுதினார்கள், 1943 அக்டோபரில் "கிரீஸ் வாரம்" என்று ஒன்று நடத்தி, வீடு வீடாகவும் கடை கடையாகவும் போய் 12 ஆயிரம் பவுனுக்குமேல் திரட்டினார்கள். யுத்த காலத்தில் இப்படிப் பேசுவது லேசான காரியமா? "எதிரிக்குச் சோறு போடுகிறவர்கள்" என்று தூற்றப்பட்டார்கள். தேசத் துரோகி என்ற பட்டம் நமக்கும் பழக்கமானதுதான். உள்ளதைச் சொல்லுகிறவனுக்கு எந்த நாட்டிலும் அதுதான் முதல் சம்மானம் போலும்!

அவர்கள் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சுவீடன் தேசத்துக் கப்பல்களில் கனடாக் கோதுமை கிரீசுக்குப் போக வழி ஏற்பட்டது; ஆனால் அது பல பேர் பல இடங்களில் கேட்டதன் பலன். கடல் முற்றுகையை முழுவதும் தளர்த்தச் சர்க்கார் ஒப்புக்கொள்ளவேயில்லை. ஆனால் யுத்தம் முடிந்து மற்ற ஊர்க் குழுக்கள் கலைந்தபோது இந்த ஊர்க் குழு கலையவில்லை. யுத்தத்தினால் மட்டுமல்ல, வேறு எந்தக் காரணத்தினால் எந்தத் தேசத்தில் துன்பம் வந்தாலும் அது தங்கள் வேலையே என்று 1949-இல் தீர்மானித்துக்கொண்டது. 1951-இல் நம் பீகாரில் பஞ்சம் வந்தபோது உதவிற்று. இன்று "ஆக்ஸ்பாம்" என்று உலகமறிந்த ஸ்தாபனம் அந்த அறையில் கூடிய சிலரிடமிருந்து வந்ததுதான்.

ஆனால் தோழர்களே, ஒரு விஷயம் நம் மனதை உறுத்துகிறது. ஆக்ஸ்போர்டில் கிரீஸ் வாரம் நடந்த அதே 1943 அக்டோபரில், அதே பிரிட்டிஷ் கொடியின்கீழ் கல்கத்தாத் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. தானியக் கப்பல் வேண்டுமென்று இந்தியாவிலிருந்து வைஸ்ராய் முதற்கொண்டு தந்தி மேல் தந்தி அடித்தும், லண்டன் யுத்த மந்திரிசபை கேட்ட அளவு கப்பல் கொடுக்கவில்லை. கிரேக்கனின் வயிறு வேறு, வங்காளியின் வயிறு வேறா? வயிறு ஒன்றுதான். கிரேக்கனுக்காக லண்டனில் பேசப் பல ஊர்களில் ஆள் இருந்தது. வங்காளிக்காகப் பேச வேண்டியவர்களின் வாய் அடைக்கப்பட்டிருந்தது. அதோடு, அவன் ஆளப்படுகிற கறுப்பு மனிதன். மனுதர்மம் நம் நாட்டில் எழுதி வைத்ததை அவர்கள் எழுதாமலே நடத்தினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நடந்து காட்டினார்கள், உண்டு காட்டினார்கள்

வங்காளப் பஞ்சத்தின்போது அங்கே நிவாரண வேலையைப் பார்த்த பினய் ரஞ்சன் சென் என்ற உத்தியோகஸ்தர், 1956-இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்துக்குத் தலைமை நிர்வாகியானார். அவர் 1960-இல் பசியிலிருந்து விடுதலை என்னும் இயக்கத்தை ஆரம்பித்தார். சர்க்கார்களோடு மாத்திரம் பேசிப் பயனில்லை, ஜனங்களிடம் போகவேண்டும் என்பதே அதன் கருத்து. பல நாடுகளில் குழுக்கள் ஏற்பட்டன. அதன் பின் கனடா முதலிய நாடுகளில் இளைஞர்கள் ஒரு காரியம் செய்தார்கள். "நான் இத்தனை மைல் நடக்கிறேன், மைலுக்கு இவ்வளவு காசு பசித்தவர்களுக்குக் கொடுக்கிறாயா?" என்று வீடு வீடாய்க் கேட்டு, ஆயிரக்கணக்கில் கூடி நடந்தார்கள்.

"இவன் நடந்தால் அவன் பசி எப்படித் தீரும்? காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" என்று நீங்கள் கேட்கலாம். வித்தியாசமுண்டு. காவடி எடுக்கிறவன் கடவுளிடம் கேட்கிறான். இவன் மனிதனிடம் கேட்கிறான். இருபது வீட்டுக் கதவைத் தட்டினால் இருபது வீட்டிலும் "ஏனப்பா நடக்கிறாய்?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்லவேண்டுமானால் இவன் முதலில் தெரிந்துகொள்ளவேண்டும், பிறகு தெரிவிக்கவேண்டும். திரண்ட காசைவிடத் தெரிந்த விஷயமே பெரிய வரும்படி.

மற்றொன்று, அமெரிக்காவில் ஆரம்பித்துப் பள்ளிக்கூடங்களிலும் சங்கங்களிலும் நடத்தி வரும் பசி விருந்து. வருகிறவர்கள் வாசலில் சீட்டு எடுக்கவேண்டும். ஒரு சிலருக்கு மேஜை போட்டு முழு விருந்து. இன்னும் சிலருக்குச் சோறும் பயறும். பெரும்பாலோர் தரையில் உட்கார்ந்து வெறும் சோறும் தண்ணீரும் மாத்திரம் உண்ணவேண்டும். உலகம் இருக்கிற இருப்பை ஒரே பந்தியில் காட்டிவிடுகிறார்கள்.

தோழர்களே! நம் இயக்கம் சமபந்தி போஜனம் நடத்தியது உங்களுக்குத் தெரியும். உலகம் எப்படி இருக்கவேண்டும் என்பதை அதில் காட்டினோம். இந்தப் பசி விருந்து அதைத் திருப்பிப் போட்டது. உலகம் எவ்வளவு கேவலமாய் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. அதிலே அந்தச் சீட்டைக் கவனியுங்கள். மேஜையில் உட்கார்ந்தவன் புண்ணியம் செய்தவனல்ல. தரையில் உட்கார்ந்தவன் பாவியுமல்ல. கையில் வந்த சீட்டு அப்படி. பிறப்பும் அப்படிப்பட்ட சீட்டுத்தான். கர்ம சித்தாந்தத்தைப்பற்றி மேடையில் மூன்று மணி நேரம் கண்டிப்பதைவிட, ஒரு புரோகிதரை அழைத்து வந்து அந்தப் பந்தியில் தரைச் சீட்டைக் கொடுத்துப் பார்த்தால் விஷயம் சுலபமாய் விளங்கிவிடும்.

தானமா, உரிமையா?

சிலர் சொல்லக்கூடும்: "நம் நாட்டில் அன்னதானம் இல்லையா? சத்திரம் கட்டவில்லையா?" என்று. பசித்தவனுக்குச் சோறு போடுகிற எந்தக் கையையும் நாம் பழிக்கவில்லை. ஆனால் அந்தச் சத்திரங்கள் பலவற்றில் யாருக்கு முதல் பந்தி நடந்தது, யார் எச்சிலைக்கு வெளியில் நின்றார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் தானத்தில் ஒரு குறை உண்டு. தானம் கொடுக்கிறவனுக்குப் புண்ணியம் வேண்டுமானால் வாங்குகிறவன் என்றைக்கும் ஏழையாய் இருந்துகொண்டே இருக்கவேண்டும். கையேந்துகிறவன் "எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்க ஆரம்பித்தால் புண்ணிய வியாபாரம் படுத்துவிடும். பசித்தவனுக்கும் மானம் உண்டு. எலும்பும் தோலுமான குழந்தையின் படத்தைக் காட்டிக் காசு சேர்க்கிறவர்களும் இதை மறக்கக்கூடாது. பரிதாபம் ஒரு வேளைச் சோறு போடும்; உரிமைதான் மூன்று வேளையும் போடும்.

இதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. 1920-இல் தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் செலவு செய்து பகலுணவு போடத் தீர்மானித்தது. அது சத்திரத்துத் தானமல்ல. ஜனங்களின் வரிப்பணத்தில் ஜனங்களின் பிள்ளைக்குப் போட்ட சோறு. 1956-இல் காமராசர் ஆட்சியில் அது மாகாணமெங்கும் பரவிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது.

2001-ஆம் ஆண்டில் இந்தியச் சர்க்கார் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கு மேல் தானியம் குவிந்து கிடந்தது. ராஜஸ்தானத்துக் கிராமங்களிலோ வறட்சியால் ஜனங்கள் பட்டினி. அங்கேயுள்ள மக்கள் சிவில் உரிமைக் கழகத்தார் "கிடங்கில் தானியம் இருக்க மனிதன் ஏன் சாகவேண்டும்?" என்று உச்சநீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஊர் ஊராய்ப் பொது விசாரணைகளும் ஊர்வலங்களும் நடந்தன. அந்த வருஷம் நவம்பர் 28-இல், இந்தியாவெங்கும் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த பகலுணவு போடவேண்டுமென்று உத்தரவாயிற்று. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. இதெல்லாம் யாகத்தினால் வந்ததா? கேள்வியினால் வந்தது.

இன்றைய சூடான்

கடைசியாக ஒன்று. ஆப்பிரிக்காவில் சூடான் தேசத்தில் 2023 ஏப்ரலில் இரண்டு படைத் தளபதிகள் அதிகாரத்துக்காகச் சண்டை தொடங்கினார்கள். 2024 ஆகஸ்டில் ஜம்ஜம் என்ற அகதிகள் முகாமில் பஞ்சம் வந்துவிட்டதென்று உலக நிபுணர்கள் உறுதி செய்தார்கள். அங்கே வெளி உதவி போக முடியாத இடங்களில் சோறு போட்டவர்கள் யார்? அந்தந்தத் தெரு வாலிபர்களும் பெண்களும் தாங்களே கூடி "அவசர உதவி அறைகள்" என்று அமைத்துப் பொதுச் சமையல் நடத்தினார்கள். யாரோ வந்து காப்பாற்றட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே அண்டாவில் பயறு வெந்தது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கச் சர்க்கார் வெளிநாட்டு உதவியை நிறுத்தினபோது அந்த அடுப்புகளில் நூற்றுக்கணக்கானவை அணைந்துபோயின. சோறாக்கும் கை அங்கே தயாராய் இருந்தது. அரிசி வாங்கும் காசு எங்கேயோ ஒரு கையெழுத்தில் நின்றுபோயிற்று. அதை நம்மில் எத்தனை பேர் அறிந்தோம்? சினிமாக்காரர் வீட்டுக் கலியாணத்தில் எத்தனை பட்சணம் பரிமாறினார்கள் என்று தெரிந்த அளவுக்கு இது நமக்குத் தெரியுமா? நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி இது.

நாம் செய்யவேண்டியது

ஆகவே தோழர்களே, பெரிய திட்டம் ஒன்றும் நாம் சொல்லவில்லை. இந்த வாசகசாலையில் ஐந்து பேர் சேர்ந்தால் நாளைக்கே ஆரம்பிக்கக்கூடியதைச் சொல்லுகின்றோம்.

முதலாவது, வாரத்தில் ஒரு நாள், உலகத்தில் எங்கே பசி, ஏன் பசி, யார் காரணம் என்று பத்திரிகைகளைப் பார்த்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். படிக்கத் தெரியாத தாய்மார்களை அவசியம் அழையுங்கள். பசியைப்பற்றி நம்மைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும்; அடுப்பு அவர்கள் கையில் இருக்கிறது. முதலில் சாப்பிடாமல் விடுகிறவர்களும் அவர்களே.

இரண்டாவது, நம் ஊர்க் கணக்கை எடுங்கள். ரேஷன் கார்டு இல்லாத வீடு எத்தனை, எடை குறைந்த குழந்தை எத்தனை, பள்ளிச் சாப்பாடு சரியாய் நடக்கிறதா என்று வீடு வீடாய்ப் போய்ப் பாருங்கள். கணக்கு இல்லாத புகாரை அதிகாரி தள்ளிவிடுவான். கணக்கைத் தள்ள முடியாது. தன் தெருப் பசியை எண்ணத் தெரிந்தவனுக்குத்தான் உலகப் பசி விளங்கும். இரண்டும் எதிரல்ல, ஒரே கயிற்றின் இரண்டு முனை.

மூன்றாவது, வருஷந்தோறும் அக்டோபர் 16-ஆம் தேதி உலக உணவு தினம் என்று வைத்திருக்கிறார்கள். நாம் அன்றைக்குப் பசி விருந்து நடத்துவோம். பணக்காரரையும் பண்ணையாளையும் சீட்டு எடுக்கச் சொல்லுவோம். சேர்ந்த காசைச் சூடான் அடுப்பைப் போன்ற ஓர் அடுப்புக்கு, போய்ச் சேருகிற வழியைத் தீர விசாரித்து அனுப்புவோம். வரவு செலவைச் சுவரில் ஒட்டுவோம்.

நான்காவது, ஓட்டுக் கேட்டு வருகிறவனைக் கேளுங்கள். சட்டசபை மெம்பரானாலும் பார்லிமெண்டு மெம்பரானாலும், "பட்டினி கிடக்கிற நாட்டுக்கு நம் நாட்டிலிருந்து என்ன போயிற்று? நம் கிடங்கில் மழையில் நனைந்து மக்கின தானியத்துக்கு யார் ஜவாப்தாரி?" என்று கேளுங்கள். ஒருவன் கேட்டால் பைத்தியக்காரன் என்பான். ஊர் கேட்டால் குறிப்புப் புத்தகத்தை எடுப்பான்.

தோழர்களே! ஆக்ஸ்போர்டில் கூடினவர்கள் ஒரு ராஜ்யத்தின் கடற்படையை எதிர்த்துப் பேசினார்கள். ராஜஸ்தானத்தார் ஒரு சர்க்காரின் கிடங்கை எதிர்த்துப் பேசினார்கள். இவர்கள் யாரும் அவதார புருஷர்களல்ல. தெரிந்துகொண்டார்கள், தெரியப்படுத்தினார்கள், வாயை மூடிக்கொள்ள மறுத்தார்கள். வங்காளத்தில் செத்த லட்சக்கணக்கானவர்களுக்கு அதைச் செய்ய வேண்டிய நேரத்தில் போதுமான ஆள் இல்லை. இனி எங்கேனும் ஒரு பிள்ளை பசியால் சாகும்போது "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லுகிற ஊர்களின் ஜாபிதாவில் நம் ஊர் பெயர் இருக்கக்கூடாது.

பசி கடவுள் செயலென்றால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். மனிதன் செயலென்றால் மனிதன் மாற்றலாம். மனிதன் செயல்தான் என்பதற்குக் கணக்கும் காலமும் சாட்சியாக உங்கள்முன் வைத்தோம். யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் வருகிற ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் அந்த ஐந்து பேராய்க் கூடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.